தமிழில் எழுதினால் தாமதமாகும்

புதுச்சேரி, 1914 ஆகஸ்ட் 5

சண்டை வந்துவிட்டது. கவர்னர் மாளிகைச் சுவரில் தந்தி ஒட்டியிருக்கிறார்கள். நைனா அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னபோது நான் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தேன். ஐரோப்பா தீப்பிடித்த நேரத்தில் நீ என்ன செய்தாய் என்று பின்னால் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

என்னைப் பெற்ற நைனாவுக்கு வெள்ளைக்காரத் துரைகளின் கிளப்பில் குசினியில் சமையல் வேலை. இன்று அங்கே யாரும் சாப்பிடவில்லையாம். எல்லாரும் நின்றுகொண்டு பாடினார்களாம். மிச்சமான ஆட்டுக்கறி எங்கள் வீட்டுக்கு வந்தது. இதுவரைக்கும் சண்டை நல்ல சண்டைதான்.

ஆகஸ்ட் 7

தெருக் குழாயில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த பெண் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். கன்னியர் பள்ளியில் படித்துப் பாதியில் நின்றவள். கடைசி வருஷம் ‘பனி பெய்யும் ஒரு காலை’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் பனியைப் பார்த்ததே இல்லை, தாயாரே நீங்களும் இந்த ஊருக்கு வந்த பிறகு பார்த்ததில்லை, இரண்டு பேரும் பொய் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். நான் எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டேன். படிப்பு அவ்வளவுதான். ஆனால் குழாயடிக்கு அது போதும்.

சண்டைக்கு என்ன காரணம் என்று கேட்டார்கள். தந்தியில் படித்ததையும் நைனா கிளப்பில் கேட்டதையும் சேர்த்து எனக்குப் புரிந்த மாதிரி சொன்னேன். ஆஸ்திரியா வீட்டு மூத்த பிள்ளையும் அவன் பெண்சாதியும் ஊர்கோலம் போனார்கள். ஒரு செர்பியப் பையன் இரண்டு பேரையும் சுட்டுவிட்டான். ஆஸ்திரியா செர்பியாவை அடிக்கப் போனது. செர்பியாவுக்குப் பெரியப்பா முறை ருஷ்யா; அது கச்சையைக் கட்டியது. ஆஸ்திரியாவுக்குப் பங்காளி ஜெர்மனி, அதுவும் கட்டியது. ருஷ்யாவும் பிரான்சும் சம்பந்திகள், ஒரு வீட்டில் அடி விழுந்தால் இன்னொரு வீடு வர வேண்டும் என்று எப்போதோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜெர்மன்காரன் பிரான்சின் முன்வாசல் வழியாக வராமல் பெல்ஜியத்தின் கொல்லைப்புறமாக நுழைந்தான். அந்தக் கொல்லைக்கு இங்கிலீஷ்காரன் காவல்.

எதிர்வீட்டுப் பாக்கியசீலி அத்தை குடத்தை இடுப்பில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

“சுட்ட பையன் இன்னா ஆனான்?”

அவனை அன்றைக்கே பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்றேன்.

“அதான் ஆளு ஆப்புட்டுட்டானே. அப்புறம் இன்னாத்துக்கு ஊரெல்லாம் அடிச்சிக்கிது?”

நான் என் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். இதற்குப் பதில் கவர்னருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

ஆகஸ்ட் 16

மாதா கோவிலில் சாமியார் இது நீதிக்கான யுத்தம் என்றார். கிளப்பில் ஒரு பஞ்சாலை இன்ஜினியர், மது கொஞ்சம் அதிகமானபோது, இரும்பும், நிலக்கரியும், சரக்கு விற்கிற சந்தையும்தான் காரணம் என்றாராம். பழைய சண்டையில் ஜெர்மன்காரனிடம் பறிகொடுத்த இரண்டு ஜில்லாவைத் திரும்பப் பிடிக்கத்தான் என்று இன்னொருவர் மேசையைத் தட்டினாராம். நைனா எல்லாருக்கும் சூப் ஊற்றியிருக்கிறார்.

என் அபிப்பிராயம் வேறு. இருபது வருஷமாக எல்லா நாடும் போட்டி போட்டுக்கொண்டு பீரங்கி செய்து அடுக்கியிருக்கிறது. புதுப் பாத்திரம் வாங்கினவள் அதை அடுப்பில் ஏற்றாமல் எத்தனை நாள் பொறுப்பாள்?

செப்டம்பர் 25

ஜெர்மன் கப்பல் ஒன்று மெட்ராஸில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டதாம். அடுத்தது புதுச்சேரிதான் என்று மேலத்தெரு முதலியார் வீடுகள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வில்லியனூருக்கு ஓடின. ஒரு வண்டியில் ஊஞ்சல் பலகை போவதைப் பார்த்தேன். எங்கள் தெருவில் யாரும் ஓடவில்லை. வண்டி இல்லை.

1915 ஜூன் 12

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. புடவை விலை ஏறிவிட்டது. கிளப்புக்கு வெண்ணெய் டப்பா வருவதில்லை, நைனா தேங்காய் எண்ணெயில் எதையோ செய்து துரைகளுக்குப் பரிமாறுகிறார். அவர்கள் நாட்டுக்காகத் தியாகம் செய்வதாக நினைத்துச் சாப்பிடுகிறார்கள்.

பஞ்சாலை இரவு பகல் ஓடுகிறது. பாக்கியசீலி அத்தையின் மகன் எத்தியேன் அங்கே கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறான். வேலை விட்டு வரும்போது பல் மட்டும்தான் தெரியும். குளித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து பத்திரிகை படித்துக் காட்டச் சொல்வான். நானும் படிப்பேன். நேற்று படித்துக்கொண்டே போய், முடிவில், பிரெஞ்சுப் படை மூன்று யானைகளைப் பாரிசில் இறக்கியது என்று சேர்த்துச் சொன்னேன். அப்படியா என்று தலையாட்டினான். என்ன கேட்டுக்கொண்டிருக்கிறானோ தெரியவில்லை. அறிவுப் பசியாக இருக்கலாம்.

1916 ஜனவரி 18

இனிமேல் சண்டை எங்கள் தெருவுக்கும் வருகிறது. சட்டம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட குடும்பத்துப் பையன்கள் பட்டாளத்தில் சேர வேண்டும்.

இந்தக் கையெழுத்துக் கதையை எழுதி வைக்கிறேன். நைனா வாலிபராக இருந்த காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஒரு வழி சொன்னான். என் ஜாதி வழக்கத்தை விட்டுவிட்டேன், இனி பிரெஞ்சுச் சட்டம்தான் எனக்குச் சட்டம் என்று கையெழுத்துப் போட்டால், நீயும் உன் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிகள். மேலத்தெருக்காரர்கள் எதற்குப் போடப் போகிறார்கள்? அவர்களுக்கு வழக்கம் சௌகரியமாக இருந்தது. எங்கள் ஆட்கள் வரிசையில் நின்று போட்டார்கள். காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு மேலத்தெருவில் நடந்தால் அடித்த காலம் அது. கையெழுத்துப் போட்ட மறுநாள் நைனா சப்பாத்து வாங்கி அந்தத் தெருவில் மூன்று தடவை போய்வந்தாராம். வேலை ஒன்றும் இல்லை, சும்மா.

குடும்பப் பெயர் ஒன்று வேண்டும் என்று குமாஸ்தா கேட்டிருக்கிறான். நைனாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழை என்பதற்குப் பிரெஞ்சு வார்த்தையையே எழுதிவிட்டான். அதனால் நான் ரொசாலி லாப்ளூயி. எத்தியேனின் அப்பா கையெழுத்துப் போடப் போனது ஒரு வியாழக்கிழமை; அதற்குப் பிரெஞ்சில் ஜெதி. அவர்கள் குடும்பம் ஜெதி. குமாஸ்தாவுக்கு அன்றைக்கு யோசிக்க முடியாத பசி போலிருக்கிறது.

இப்போது பிரெஞ்சுக் குடி என்றால் பட்டாளத்துக்கு வா என்கிறார்கள். கையெழுத்துப் போடாத மேலத்தெருப் பையன்களுக்குக் கட்டாயம் இல்லை. சமத்துவம் வந்து சேர்ந்த லட்சணம் இது. அதுவும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது.

கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று நாலைந்து பேர் சர்க்கார் கச்சேரிக்குப் போய்க் கேட்டார்கள். முடியாது. அது ஒரு வழிப் பாதை.

பிப்ரவரி 9

வைத்தியப் பரிசோதனை. பல், மார்பு, பாதம் பார்க்கிறார்கள். எத்தியேன் தேறிவிட்டான். வாழ்க்கையில் அவன் தேறிய முதல் பரீட்சை.

பிப்ரவரி 15

தெருவில் கல்யாணக் காய்ச்சல். கப்பல் ஏறுவதற்குள் பையன்களுக்குக் கட்டி வைக்கிறார்கள். பட்டாளத்துக்காரன் பெண்சாதிக்குச் சர்க்கார் மாதாமாதம் படி கொடுக்குமாம், அதனால் பெண் வீட்டாரும் தடை சொல்வதில்லை. பிரெஞ்சுச் சட்டப்படி முதலில் மேர் கச்சேரி, அப்புறம்தான் கோவில். ஊர்த் தலைவரான மேர் மூவர்ண நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு ஜோடி இறங்க ஒரு ஜோடி ஏறுகிறது. என்னோடு படித்த லெயோனிக்கும் பப்திஸ்துக்கும் இன்றைக்கு முடிந்தது. சம்மதமா என்று மேர் கேட்டபோது லெயோனி ‘வுய்’ என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார்கள். கத்தினாள். எல்லாரும் சிரித்தோம்.

பிப்ரவரி 20

எத்தியேன் வந்தான். பத்திரிகை வேண்டாம் என்றான். கொஞ்ச நேரம் எங்கள் ஆட்டுக்குட்டியைப் பார்த்தான்.

“ரொசாலி, நாம கட்டிக்கலாமா?”

“எதுக்கு?”

“கப்பல்ல எல்லாருக்கும் பொண்டாட்டி இருக்கும். எனக்கு மட்டும் இல்லன்னா நல்லாவா இருக்கும்?”

உலகத்தில் இதைவிட மோசமாக யாரும் பெண் கேட்டிருக்க முடியாது. கப்பலுக்கு வேண்டுமானால் ஒரு தகர டப்பா வாங்கிக்கொண்டு போ, பெண்சாதி எதற்கு என்றேன். திரும்பி வந்து ஒழுங்காகக் கேள் என்றேன்.

சரி என்றான். போய்விட்டான். இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம் இல்லையா. அதுகூடத் தெரியாதவன்.

மார்ச் 4

கப்பல் போய்விட்டது. கடற்பாலத்தில் வாத்தியம் வாசித்தார்கள். படகில் ஏற்றித் தூரத்தில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். பையன்களுக்குப் போட்டிருந்த கால்சராய் ஒன்றும் அளவில்லை. எத்தியேனுடையது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. மேலத்தெருக்காரர்கள்கூட வந்து கைதட்டினார்கள். அவர்கள் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போனது.

வெயில் அதிகம். தலைவலி. படுத்துக்கொண்டேன்.

மார்ச் 5

தலைவலி.

ஜூலை 11

எத்தியேனிடமிருந்து முதல் கடிதம், அவன் அம்மாவுக்கு. தமிழில் எழுதியிருக்கிறான். மார்சேய்யில் இறங்கியதைச் சொல்ல ஏப்ரலில் எழுதியது. பப்திஸ்து அதே வாரம் பிரெஞ்சில் எழுதியது மே மாதக் கடைசியிலேயே வந்துவிட்டது. விஷயம் இதுதான்: எல்லாக் கடிதத்தையும் தணிக்கைக்காரன் படிக்கிறான். தமிழ் படிக்கத் தெரிந்த தணிக்கைக்காரன் அங்கே இல்லை போலிருக்கிறது. ஆள் கிடைக்கும்வரை மூட்டை காத்திருக்கிறது. இங்கிருந்து அத்தை தமிழில் போட்ட ஒன்றுக்கு இன்னமும் பதில் இல்லை.

இனிமேல் பிரெஞ்சில் எழுதச் சொல்லி நானே எழுதிப் போட்டேன். அவன் பிரெஞ்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெர்மன்காரனிடம் சிக்கினால் ரகசியம் என்று நினைத்துக்கொள்வான்.

நவம்பர் 3

பிரெஞ்சில் கடிதம். ஊர்ப் பெயரைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள். மழைச் சேற்றில் நின்ற கதையை எழுதியிருக்கிறான். மண்ணில் பள்ளம் வெட்டி அதற்குள் இருக்கிறார்களாம். சோறு இல்லையாம், ரொட்டியை வாளால் வெட்டுகிறார்களாம். எலியைப் பற்றியும் இருந்தது. அத்தைக்குப் படிக்கும்போது எலியை விட்டுவிட்டேன். பக்கத்துப் பள்ளத்துக்கு என்ன ஆனது என்பதையும் விட்டுவிட்டேன்.

நவம்பர் 21

பப்திஸ்து செத்துப்போனான். மேர் கச்சேரியிலிருந்து ஆள் வந்து லெயோனி வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றினான். தெரு முழுக்கப் புரிந்துவிட்டது. இங்கே தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வேறு எதற்கும் யாரும் வந்ததில்லை.

டிசம்பர் 15

இதோடு செத்தது நாலு பேர். நாலு பேரும் பிப்ரவரியில் கல்யாணம் செய்துகொண்டு போனவர்கள். கட்டாமல் போனவர்களுக்குக் காய்ச்சல், பேதி, ஒருவனுக்குக் கால் விரல், அவ்வளவுதான். போனவர்களில் பெரும்பாலானவர்கள் கல்யாணமானவர்கள்தானே என்று அம்மா சொல்கிறாள். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் இரவில் படுத்தால் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. எழுதிப் பார்த்தால் முட்டாள்தனமாக இருக்கிறது. எழுதியதை அடித்துவிடப் போனேன், அடிக்கவில்லை.

1917 பிப்ரவரி 14

எத்தியேனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. சண்டை முனையில் இருக்கிறவன் வராமலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதாம். தனக்குப் பதிலாக ஓர் ஆளை நியமித்து, மேலதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். அவன் இடத்தில் நின்று ‘வுய்’ சொல்ல வேண்டியவர் கோவிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் ஞானாதிக்கம். வயது எழுபது. பொடி போடுகிறவர்.

கூடவே எனக்கு இரண்டு வரி: ‘வந்துதான் கேட்க வேண்டும் என்றாய். லீவு கிடைக்கவில்லை. அதனால் இப்படிக் கேட்கிறேன்.’

முடியாது என்றேன். அம்மா அழுதாள். பாக்கியசீலி அத்தை அழவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்து என் அரிசியில் கல் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அது அழுகையைவிட மோசம்.

பிப்ரவரி 26

சரி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தொல்லை தாங்கவில்லை. வேறு காரணம் இல்லை.

மழை வீட்டுப் பெண் வியாழக்கிழமை வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். பஞ்சாங்கக்காரன்கூட இப்படி எழுதியிருக்க மாட்டான்.

மார்ச் 8

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேர் கச்சேரிக்குக் காலையிலேயே போய்விட்டோம். நைனா சப்பாத்தைத் துடைத்துப் போட்டிருந்தார். உபதேசியார் வெள்ளைக் கோட்டு. மாடியில் எங்களுக்கு முன்னால் ஓர் ஆள் இருப்பதாகச் சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே லெயோனி. பப்திஸ்து செத்ததற்குப் பிரான்சிலிருந்து வந்த தாளைப் பதிய வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு உடுத்திய புடவையையே சாயம் போட்டுக் கறுப்பாக்கிக் கட்டியிருந்தாள். வேறு துணி வாங்கக் கிடைக்கவில்லை. போன வருஷம் நாங்கள் சிரித்த அதே அறை. அதே மேசை. குமாஸ்தா கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். வெளியே வந்தவள் என்னைப் பார்த்து, பூ நன்றாக இருக்கிறது என்றாள்.

அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள். மேர் நாடாவைச் சரிசெய்துகொண்டு படித்தார். எத்தியேன் ஜெதி சார்பாக என்று கேட்டபோது உபதேசியார் ஒரு தும்மல் போட்டுவிட்டு, கோவிலில் ஆமென் சொல்கிற குரலில் ‘வுய்’ என்றார். பிறகு மேர் என்னிடம் கேட்டார்.

நான் ‘நோன்’ என்றேன்.

எனக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று மேர் நினைத்துவிட்டார். மொழிபெயர்ப்புக் குமாஸ்தா முன்னால் வந்து தமிழில் கேட்டான்.

“எத்தியேன் ஜெதியைக் கணவனாக ஏற்க உனக்குச் சம்மதமா அம்மா?”

“சம்மதமில்லீங்க.”

“கேள்வி புரிஞ்சுதா?”

“ரெண்டு பாஷையிலயும் புரிஞ்சுதுங்க.”

மேர் புத்தகத்தை மூடிவிட்டார். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பாக்கியசீலி அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். அவளோடு உபதேசியார் போனார். தூரத்திலிருந்து பார்க்க, அவர்தான் மாப்பிள்ளை என்று நினைத்தபோது, பாவமாக இருந்தது.

வழியெல்லாம் அம்மா பேசினாள், மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். நைனா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“நான் கையெழுத்து போட்ட அன்னிக்கு மனசுல இருந்தது சப்பாத்து ஒண்ணுதான். எம்பொண்ண நிக்க வச்சி, உனக்கு சம்மதமான்னு ஒரு துரை கேப்பான்னு எனக்குத் தெரியாது. கேட்டான். நீ சொல்லிட்ட. அப்புறம் நான் இன்னா பேசறது?”

அடுப்படியில் போய்ச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மார்ச் 10

எத்தியேனுக்கு எழுதிப் போட்டேன். ‘சம்மதமில்லை என்று சொல்லிவிட்டேன். உபதேசியாரைப் பார்த்து வுய் சொல்ல என்னால் முடியாது. கல்யாணம் என்று நாடா கட்டியவன் எழுதிவிட்டால் உன் கணக்கு முடிந்துபோகும், அடுத்து அவன் ஆள் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றுவான். கேட்க வேண்டியவன் நீ. வந்து கேள். வராமல் இருந்தால் நான் பேசவே மாட்டேன்.’

தமிழில் எழுதினேன். பிரெஞ்சில் இதெல்லாம் வரவில்லை. அதோடு, எந்தத் தணிக்கைத் துரையோ உட்கார்ந்து படிப்பான் என்று நினைத்தாலே எரிச்சல்.

ஏப்ரல் 30

பாக்கியசீலி அத்தை என்னோடு பேசுவதில்லை. கடிதம் வந்தால் உபதேசியாரிடம் எடுத்துக்கொண்டு போகிறாள். எழுத வேண்டியதையும் அவர்தான் எழுதுகிறார். அவருடைய பிரெஞ்சு எல்லாம் ஜெபப் புத்தகத்திலிருந்து வந்தது. ஒரு மூட்டை கருவாடு அனுப்புகிறேன் என்பதைக்கூட ‘பரலோகத்தின் கிருபையால்’ என்றுதான் ஆரம்பிப்பார்.

அரிசி விலை மறுபடியும் ஏறிவிட்டது. லெயோனி பஞ்சாலையில் சேர்ந்துவிட்டாள். பையன்கள் போன இடங்களில் எல்லாம் பெண்களை எடுக்கிறார்கள், கூலி மட்டும் பாதி.

ஜூன் 20

தபால்காரன் தெரு நடுவில் நின்று, “மதாம் எத்தியேன் ஜெதி, மதாம் எத்தியேன் ஜெதி” என்று இரண்டு தடவை கூவினான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்ல நான்தான் வெளியே வந்தேன். ரொசாலி என்றும் போட்டிருக்கிறது என்று கையில் கொடுத்துவிட்டான். எல்லாச் சன்னலிலும் ஒரு தலை.

மே மாதம் எழுதியது. ஒரு வரிக்கு மூன்று பிழை. தமிழில் போட்டால் இப்படி வரும்:

‘என் மனைவிக்கு. அம்மாவின் கடிதம் கிடைத்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, பத்திரம் கப்பலோடு முழுகிவிட்டது என்று எழுதியிருக்கிறாள். போனால் போகட்டும். முன்பெல்லாம் தண்ணீர் எடுத்துவர யார் போகிறீர்கள் என்று கேட்டால் நான்தான் எழுந்திருப்பேன். பள்ளத்துக்குள்ளேயே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். இப்போது எழுந்திருப்பதில்லை. உனக்கு என்ன வந்தது என்று சார்ஜென்ட் கேட்டான். கல்யாணமாகிவிட்டது என்றேன். எல்லாரும் சிரித்துக் கைகொடுத்தார்கள். ஒரு டப்பா மத்தி மீனைத் திறந்து எட்டுப் பேர் சாப்பிட்டோம். அதுதான் விருந்து. நீ இருந்திருந்தால் உப்பு பற்றாது என்றிருப்பாய்.’

கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கு இப்படிப் பொய் எழுதச் சொன்னாய் என்று கேட்டேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ இல்லன்னு சொன்னத எழுதினா அவன் இன்னா பண்ணுவான் தெரியுமா? எம்புள்ளைய எனக்குத் தெரியும். மனசு கஷ்டமா இருந்தா அவனால உக்கார முடியாது. எந்திரிச்சுடுவான். எந்திரிச்சு நடப்பான். அவங்கப்பன் செத்தப்ப விடியற வரைக்கும் கடலோரம் நடந்தவன். அங்க எந்திரிச்சு நின்னா சுடுவாங்க புள்ள.”

நான் அவனுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

அத்தை கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

“எதுல எழுதின?”

“தமிழ்ல.”

“எப்ப?”

“மார்ச்சுல.”

அத்தை விரல்விட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்தாள். நானும்தான் எண்ணினேன். அவள் தமிழில் போட்ட கடிதம் போன தடவை அஞ்சு மாதம் எடுத்தது.

ஜூன் 21

விடிந்ததும் எழுதினேன். பிரெஞ்சில். கன்னியர் பள்ளியில்கூட இவ்வளவு சுத்தமாக நான் எழுதியதில்லை. தணிக்கைக்காரன் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிட வேண்டும், யோசிக்க ஒன்றும் இருக்கக் கூடாது. ஊர் நலம், ஆடு நலம், மத்தி மீனுக்கு நிச்சயம் உப்பு பற்றியிருக்காது. ‘என்னிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வரும். கோபத்தில் எழுதியது. அதைப் பிரிக்காதே. அடுப்பில் போடு.’ கடைசியில் என்ன போடுவது என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘உன் மனைவி’ என்று போட்டேன். இது சட்டப்படி குற்றமா என்று தெரியவில்லை. நாடாக்காரர் வந்து கேட்கட்டும்.

கப்பல் முழுகட்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு கப்பல் முழுக வேண்டும், இன்னொன்று முழுகக் கூடாது. கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது எந்தக் கப்பல் என்று தெளிவாகச் சொன்னேன்.

ஜூலை 15

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 2

சண்டை நாலாவது வருஷத்துக்குள் போகிறது. சாமியார் பிரசங்கத்தில் நீதி என்ற வார்த்தையை இப்போது விட்டுவிட்டார். பொறுமை என்கிறார்.

ஆகஸ்ட் 29

மேர் கச்சேரி ஆள் எங்கள் தெருவுக்குள் வந்தான். நானும் அத்தையும் அவரவர் வாசலில் நின்றோம். எங்களைக் கடந்து போய்விட்டான். கடைசி வீட்டில் வரி விஷயமாம். தொப்பி தலையிலேயேதான் இருந்தது. அத்தை வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அக்டோபர் 9

கடிதம் வந்தது. அத்தை வாசலிலேயே பிரித்தேன். பிரெஞ்சு, அவன் கை, அதே பிழைகள்.

‘ரொசாலி. உன் பிரெஞ்சுக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தமிழ்க் கடிதம் புதன்கிழமை வந்தது. பிரிக்காதே என்று நீ எழுதியிருந்தாய். பிரித்துவிட்டேன். நாலு தடவை படித்தேன். எழுந்திருக்க வேண்டும் போலத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த பிரெத்தோன் சீமைச் சிப்பாய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் மறுபடியும் படித்தேன். வந்து கேள் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குக் கல்யாணத்தைவிடப் பிடித்திருக்கிறது. கேட்கிறேன். இந்தத் தடவை கப்பலைப் பற்றிப் பேசவில்லை. உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்தேதான் இருப்பேன்.’

அத்தைக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். கடைசி இரண்டு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். தேதி என்ன என்று கேட்டாள்.

ஆகஸ்ட் பதினேழு என்று போட்டிருக்கிறது.

இன்று அக்டோபர் ஒன்பது. ஆகஸ்ட் பதினேழு அன்றைக்கு உட்கார்ந்திருக்கிறான்.